டயட்டீஷியன் படிப்பு: மதிப்பெண் விதிகளுக்கு முன்னால் மருத்துவமனைப் பயிற்சி விதிகளைப் படியுங்கள்

ஒரு தாயார் கேட்டிருந்த கேள்வியைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். மகள் பலதுறைத் தொழிற்கல்லூரியில் உணவு, ஊட்டச்சத்து தொடர்பான பட்டயப் படிப்பின் கடைசி ஆண்டில் இருக்கிறாள். அடுத்து டயட்டீஷியன், அதாவது நோயாளிகளுக்குச் சிகிச்சை உணவு வகுக்கும் உணவியல் நிபுணர், ஆக வேண்டும் என்கிறாள். பல்கலைக்கழக விதிமுறைகளைப் படித்தால் தலை சுற்றுகிறது. ஒரு பாடத்தில் தோற்றால் ஒரு வருடமே போய்விடும் என்கிறார்களே, உண்மையா? வீட்டில் சைவம், சமையல் பாடத்தில் மாமிசத்தைத் தொட வேண்டியிருக்குமா? வருடா வருடம் தைப்பூசத்துக்குப் பால்குடம் எடுக்கிறாள். மருத்துவமனைப் பயிற்சி நேரத்தில் அது வந்தால் விடுப்புக் கிடைக்குமா?

நான் இங்கே சிங்கப்பூரில் ஓர் அரசாங்க மருத்துவமனையில் உணவியல் நிபுணராக வேலை பார்க்கிறேன். பயிற்சிக்கு வரும் மாணவர்களை மேற்பார்வை செய்வதும் என் வேலைதான். அந்தப் பக்கத்திலிருந்து பார்த்ததை வைத்துப் பதில் சொல்கிறேன்.

முதல் கேள்விக்கு நேரடியான பதில்: ஆமாம், பெரும்பாலும் உண்மைதான். இந்தப் படிப்பில் விதிகள் எல்லாம் ஒரே இடத்தில் வந்து சேர்கின்றன. மருத்துவமனைப் பயிற்சி என்ற அந்த இடத்தை முதலில் புரிந்துகொண்டால், பாட வரிசை, வருகைப் பதிவு, தடுப்பூசி, ரகசியக் காப்பு, மேல்முறையீடு என்று தனித்தனியாகப் பயமுறுத்தும் விதிகள் எல்லாம் ஏன் இருக்கின்றன என்று விளங்கிவிடும். பல மாணவர்கள் மதிப்பெண் விதிகளை மனப்பாடமாக வைத்திருக்கிறார்கள். பயிற்சிக் கையேட்டைப் பயிற்சிக்கு முந்தைய வாரம்தான் திறக்கிறார்கள். அதைத் தலைகீழாகச் செய்யச் சொல்லுங்கள்.

அதற்கு முன் ஒரு விஷயம். எந்தப் படிப்பு எங்கே கொண்டுபோய் விடும் என்பதில் வீடுகளில் குழப்பம் அதிகம். தெமாசெக் பலதுறைத் தொழிற்கல்லூரியில் உணவு, ஊட்டச்சத்து, சமையல் அறிவியல் பட்டயம் இருக்கிறது; மற்றப் பலதுறைத் தொழிற்கல்லூரிகளிலும் இதை ஒட்டிய படிப்புகள் உண்டு. இவை நல்ல படிப்புகள். உணவுத் தயாரிப்பு நிறுவனம், தரக்கட்டுப்பாடு, பள்ளிச் சிற்றுண்டிச்சாலைத் திட்டங்கள், சுகாதார மேம்பாட்டுப் பணிகள் என்று பல வழிகள் திறக்கும். ஆனால் வார்டில் நோயாளிக்குச் சிகிச்சை உணவு வகுத்துக் கொடுக்கும் வேலைக்குப் பட்டம் வேண்டும்; அந்தப் பட்டத்துக்குள்ளேயே மேற்பார்வையோடு கூடிய மருத்துவமனைப் பயிற்சியும் இருந்தாக வேண்டும். பெயரில் 'நியூட்ரிஷன்' என்று இருக்கும் எல்லாப் பட்டத்திலும் இது கிடையாது. விண்ணப்பிக்கும் முன் கேட்க வேண்டிய முதல் கேள்வி, 'பாடத்திட்டத்துக்குள் மருத்துவமனைப் பயிற்சி இருக்கிறதா, முடித்தால் டயட்டீஷியனாக வேலைக்கு எடுப்பார்களா?' என்பதுதான்.

சிங்கப்பூரிலேயே இந்தத் தகுதியைத் தரும் பட்டப்படிப்பு வந்தது 2019இல். சிங்கப்பூர்த் தொழில்நுட்பக் கழகம், அதாவது எல்லாரும் எஸ்ஐடி என்று சொல்வது, அந்த ஆண்டு நான்கு வருட ஹானர்ஸ் படிப்பாக இதைத் தொடங்கியது. அதற்கு முன் டயட்டீஷியன் ஆக நினைத்தவர்கள் ஆஸ்திரேலியாவுக்கோ பிரிட்டனுக்கோ போய்ப் படித்துவிட்டு வருவார்கள். செலவு தாங்காமல் ஆசையை விட்டவர்களும் உண்டு. இப்போது பட்டயம் முடித்தவர்களும் தொடக்கக் கல்லூரி முடித்தவர்களும் இங்கேயே விண்ணப்பிக்கலாம் என்பது நம் குடும்பங்களுக்குப் பெரிய விஷயம்.

சரி, ஒரு பாடத்தில் தோற்றால் ஏன் ஒரு வருடம் போகிறது?

பாடங்கள் ஒன்றின் மேல் ஒன்றாக அடுக்கப்பட்டிருக்கின்றன. உயிர்வேதியியலும் உடலியங்கியலும் முடித்தால்தான் ஊட்டச்சத்து அறிவியல். அது முடிந்தால்தான் மருத்துவ ஊட்டச்சத்துச் சிகிச்சை. அதில் தேறினால்தான் வார்டுக்குள் கால் வைக்க முடியும். பெரிய துறைகளில் ஒரு பாடத்தை இரண்டு பருவங்களிலும் நடத்துவார்கள். இங்கே மாணவர் எண்ணிக்கை குறைவு என்பதால் பல பாடங்கள் வருடத்துக்கு ஒருமுறைதான் நடக்கும். தவறவிட்ட பாடம் திரும்ப வர அடுத்த ஆண்டு ஆகும். அதற்குள் பயிற்சி இடங்கள் வேறு மாணவர்களுக்குப் போயிருக்கும். மருத்துவமனைகள் எத்தனை மாணவர்களை எந்த வாரங்களில் எடுக்கும் என்பதைப் பல மாதங்களுக்கு முன்பே முடிவு செய்துவிடுகிறோம். ஒரு மேற்பார்வையாளர் தன் நோயாளிகளையும் பார்த்துக்கொண்டு மாணவரையும் பார்க்க வேண்டும் என்பதால், கடைசி நேரத்தில் ஒரு இடம் கூடுதலாகக் கொடுங்கள் என்றால் எங்களால் முடிவதில்லை.

இது அநியாயமாகத் தோன்றலாம். ஆனால் அந்த அடுக்கு வரிசை வெறும் நிர்வாக வசதிக்காக வைத்தது இல்லை. ஒரு கணக்கைக் காட்டுகிறேன். 60 கிலோ எடையுள்ள நோயாளி, மூக்கு வழியாகக் குழாய் போட்டு உணவு செலுத்துகிறார்கள். கிலோவுக்கு 30 கிலோ கலோரி என்று வைத்தால் நாளுக்கு 1,800. ஒரு மில்லிலிட்டருக்கு 1.5 கிலோ கலோரி தரும் திரவ உணவு என்றால் 1,200 மில்லிலிட்டர். அதை 20 மணி நேரத்தில் செலுத்தினால் மணிக்கு 60 மில்லிலிட்டர். இதுவரை பள்ளிக்கூடக் கணக்குதான். இப்போது அதே நோயாளி பத்து நாளாகச் சரியாகவே சாப்பிடவில்லை என்று வைத்துக்கொள்ளுங்கள். முதல் நாளே 1,800 கொடுத்தால் இரத்தத்தில் பாஸ்பேட்டும் பொட்டாசியமும் மளமளவென்று இறங்கி இதயத் துடிப்பே தடுமாறலாம். அதனால் கிலோவுக்கு 10 கிலோ கலோரி, அதாவது 600 என்ற அளவில் தொடங்கி, தயமினும் (வைட்டமின் பி1) கொடுத்து, இரத்தப் பரிசோதனையைப் பார்த்துப் பார்த்து மெல்ல ஏற்ற வேண்டும். எதனால் பாஸ்பேட் இறங்குகிறது என்பது முதலாண்டு உயிர்வேதியியலில் இருக்கிறது. அதை அரைகுறையாகப் படித்துத் தப்பித்து வந்தவரை என் வார்டில் விடுவதற்கு எனக்கே மனம் வராது.

ஆகவே உங்கள் மகளுக்கு நான் சொல்வது: முதல் ஆண்டு அறிவியல் பாடங்களில் கவனம் சிதறினால் தள்ளிப்போட வேண்டாம், உடனே உதவி கேட்கச் சொல்லுங்கள். பட்டயத்தில் ஏற்கெனவே படித்த பாடங்களுக்கு விலக்குக் கிடைக்க வாய்ப்பு உண்டு. விலக்குக் கிடைக்கிறது என்பதற்காக எல்லாவற்றையும் வாங்கிவிடக் கூடாது என்பது என் சொந்தக் கருத்து. உணவு அறிவியலில் விலக்கு வாங்கலாம். உயிர்வேதியியலில் தன் பிடிப்பு எப்படி என்று அவளே நேர்மையாகப் பார்த்து முடிவு செய்யட்டும். விலக்கு வாங்கினாலும் படிப்புக் காலம் அப்படியே குறைந்துவிடும் என்று எண்ண வேண்டாம், ஏனென்றால் பயிற்சிகளின் வரிசை நகராது. சுமை குறையும், அவ்வளவுதான்.

மதிப்பெண் சராசரி பற்றியும் ஒரு வார்த்தை. பலதுறைத் தொழிற்கல்லூரியில் ஜிபிஏ நான்குக்கு, எஸ்ஐடியில் ஐந்துக்கு. 3.2 என்ற எண்ணைப் பார்த்து இரண்டையும் ஒப்பிட்டுக் கவலைப்படாதீர்கள். சராசரி குறைந்தபட்ச அளவுக்குக் கீழே போனால் முதலில் எச்சரிக்கைக் கடிதம் வரும். தொடர்ந்து அப்படியே இருந்தால் படிப்பைத் தொடர முடியாத நிலை வரும். எச்சரிக்கைக் கடிதம் வந்த பிள்ளைகள் அதை வீட்டில் மறைப்பதை நான் பார்த்திருக்கிறேன். கடிதம் வந்த வாரத்திலேயே கல்வி ஆலோசகரைப் பார்த்தால், அடுத்த பருவத்தில் பாடச் சுமையைக் குறைக்க வழி இருக்கும். அதற்கும் கடைசித் தேதி உண்டு.

இனி பயிற்சிக்கு வருவோம். இதற்குத்தான் நிறைய எழுத வேண்டியிருக்கிறது.

வகுப்பில் இத்தனை விழுக்காடு வருகை போதும் என்று ஒரு அளவு இருக்கும். பயிற்சியில் அந்தக் கணக்கே வேறு. குறிப்பிட்ட நாள்கள், குறிப்பிட்ட மணி நேரம் முழுதாக முடிந்திருக்க வேண்டும். எம்சி என்ற மருத்துவ விடுப்புச் சான்றிதழ் கொடுத்தால் வராததற்குக் காரணம் ஏற்றுக்கொள்ளப்படும். ஆனால் அந்த நாள் கணக்கில் சேராது, பிறகு ஈடுகட்ட வேண்டும். இந்த வேறுபாடு பல மாணவர்களுக்குத் தெரியாது. மூன்று நாள் காய்ச்சல் என்றால் அடுத்த விடுமுறையிலோ பயிற்சியின் முடிவிலோ மூன்று நாள் கூடுதலாக வர வேண்டியிருக்கும். பள்ளித் தோழிகளோடு போகும் சுற்றுலாவுக்குப் பயிற்சி முடியும் மறுநாளே விமானச்சீட்டு எடுத்து வைக்காமல் இருப்பது நல்லது. காய்ச்சலோடு வார்டுக்கு வருவது அதைவிடப் பெரிய தவறு. கீமோதெரப்பி எடுக்கும் நோயாளியின் பக்கத்தில் இருமிக்கொண்டு நிற்க முடியாது.

தைப்பூசம் 1968 முதல் சிங்கப்பூரில் பொது விடுமுறை இல்லை. தீபாவளிக்கு மருத்துவமனைப் பயிற்சி இருக்காது, தைப்பூசத்துக்கு இருக்கும். ஆனால் தேதி முன்கூட்டியே தெரியும் என்பதுதான் இதில் உள்ள வசதி. பயிற்சி அட்டவணை கைக்கு வந்தவுடன், பல்கலைக்கழகத்தின் பயிற்சி ஒருங்கிணைப்பாளருக்கு ஒரு மின்னஞ்சல் போட வேண்டும். மேற்பார்வையாளரிடம் வாய்வார்த்தையாகச் சொன்னால் போதாது. எந்த நாள், எதற்காக, எந்த நாளில் ஈடுகட்டத் தயார் என்று நான்கு வரி போதும். நான் பார்த்தவரை, இரண்டு மாதத்துக்கு முன்பே எழுதிக் கேட்ட பிள்ளைகளுக்கு யாரும் மறுத்ததில்லை. பெருமாள் கோயிலிலிருந்து டேங்க் ரோடு முருகன் கோயில் வரை நடந்துவிட்டு மறுநாள் காலை எட்டு மணிக்கு வார்டுக்கு வருவதும் எளிதல்ல என்பதால், முடிந்தால் மறுநாளையும் யோசித்தே கேட்கச் சொல்லுங்கள்.

அப்புறம் கையில் கட்டும் காப்பு. மருத்துவமனைகளில் நோயாளியைத் தொடும் இடத்தில் முழங்கைக்குக் கீழே மோதிரம், வளையல், கடிகாரம், கயிறு எதுவும் இருக்கக் கூடாது என்ற தொற்றுத் தடுப்பு விதி உண்டு. சமையற்கூடத்திலும் கிட்டத்தட்ட இதே விதிதான். காப்புக் கட்டியிருக்கும் காலத்தில் பயிற்சி வந்தால், முதல் நாள் காலையில் கைகழுவும் தொட்டிக்கு முன்னால் நின்று தீர்க்கும் விஷயமாக அதை விட்டுவிடக் கூடாது. முன்பே கேட்டால், அந்த வாரத்தில் நோயாளியைத் தொடாத வேலைகளை, உதாரணமாக உணவுப் பட்டியல் ஆய்வு, கணக்கீடு, கையேடு தயாரிப்பு போன்றவற்றைத் தர முடியுமா என்று நாங்கள் பார்ப்போம். எல்லா இடத்திலும் முடியும் என்று உறுதி சொல்ல மாட்டேன். கேட்பதற்குத் தயங்க வேண்டாம் என்று மட்டும் உறுதியாகச் சொல்வேன்.

சைவம் பற்றிய கேள்வியும் பெரும்பாலும் முன்கூட்டிச் சொல்வதில்தான் அடங்கும். உணவு தயாரிப்புப் பாடங்களில் ருசி பார்ப்பதற்கு விலக்குக் கேட்கலாம். சமய நம்பிக்கை, ஒவ்வாமை இரண்டையும் ஆசிரியர்கள் மதிக்கிறார்கள். ஹலால் பற்றிக் கேட்கும் தமிழ் முஸ்லிம் மாணவர்களுக்கும் இதே பதில்தான். தொடுவதற்கு விலக்குக் கிடைப்பது கொஞ்சம் கடினம். கோழியின் உள்வெப்பநிலையை அளப்பது, பச்சை இறைச்சியையும் சமைத்த உணவையும் தனித்தனியாகக் கையாள்வது இவையெல்லாம் உணவுப் பாதுகாப்பில் சோதிக்கப்படும் திறன்கள். கையுறை போட்டுச் செய்யலாம். ஆனால் வீட்டில் இப்போதே பேசிவிட வேண்டியது வேறொன்று. வார்டில் அவள் பார்க்கப் போகும் நோயாளிகளில் பலர் சீனர்கள், மலாய்க்காரர்கள். பக்குத்தே என்ற பன்றி இறைச்சி சூப், சிக்கன் ரைஸ், ரெண்டாங் இவற்றைப் பற்றி முகம் சுளிக்காமல், அளவு தெரிந்து, மாற்று வழி தெரிந்து பேச வேண்டும். 'சூப்பைக் குடிக்காமல் இறைச்சியை மட்டும் சாப்பிடுங்கள், உப்பு குறையும்' என்று பக்குத்தே பிரியரான ஒரு தாத்தாவிடம் சொல்லத் தெரிந்தால்தான் அவர் கேட்பார். 2022ஆம் ஆண்டின் தேசிய ஊட்டச்சத்து ஆய்வில் இங்கே ஒருவர் நாளுக்குச் சராசரியாக 3,620 மில்லிகிராம் சோடியம் உட்கொள்வதாகத் தெரியவந்தது, பரிந்துரை 2,000க்குள். அந்த உப்பு எந்த எந்தத் தட்டிலிருந்து வருகிறது என்று தெரிய, தான் சாப்பிடாத தட்டுகளையும் அவள் படித்தாக வேண்டும். சைவமாக இருந்துகொண்டே இதைச் சிறப்பாகச் செய்கிற சக ஊழியர்கள் எனக்கு இருக்கிறார்கள்.

மாணவர் எதைச் செய்யலாம், எதைச் செய்யக் கூடாது என்ற எல்லை பற்றிய விதி நம் பிள்ளைகளுக்குத் தனிச் சிக்கலைத் தருகிறது. காட்சியைச் சொல்கிறேன். பக்கவாதம் வந்த எழுபத்தைந்து வயதுப் பாட்டி. விழுங்குவதில் சிரமம் இருக்கிறது. பேச்சுச் சிகிச்சையாளர் பார்த்துவிட்டு, உணவு ஐந்தாம் நிலைப் பதத்தில் இருக்க வேண்டும் என்று எழுதியிருக்கிறார். இது இட்ஸி என்ற அனைத்துலகத் தர அளவு, பூஜ்யத்திலிருந்து ஏழு வரை போகும். ஐந்தாம் நிலையில் பெரியவர்களுக்கு உணவுத் துண்டின் அகலம் நான்கு மில்லிமீட்டருக்கு மேல் இருக்கக் கூடாது, ஈரப்பதத்தோடு ஒன்றாகச் சேர்ந்திருக்க வேண்டும். வார்டில் தமிழ் பேசுகிறவர் மாணவி ஒருத்திதான். பாட்டி அவள் கையைப் பிடித்துக்கொண்டு, 'கண்ணு, மருமக இட்லி கொண்டாந்திருக்கா, ஒண்ணே ஒண்ணு சாப்டுக்கட்டுமா?' என்கிறார். மருமகளும் டப்பாவோடு நிற்கிறார். அந்த இடத்தில் 'சரி பாட்டி, சாம்பார்ல ஊறவெச்சு சாப்பிடுங்க' என்று சொல்லிவிடத் தோன்றும். மாணவி அதைச் சொல்லக் கூடாது. மேற்பார்வையாளர் ஒப்புக்கொள்ளாத எந்த அறிவுரையும் மாணவர் வாயிலிருந்து நோயாளிக்குப் போகக் கூடாது. மாணவர் எழுதும் குறிப்புக்கும் மேற்பார்வையாளர் கையெழுத்து வேண்டும். 'இருங்க பாட்டி, கேட்டுட்டு வந்து சொல்றேன்' என்று சொல்லிவிட்டு வந்து கேட்க வேண்டும். பெரியவர்களிடம் அப்படிச் சொல்வது மரியாதைக் குறைவு என்று நம் பிள்ளைகள் கூச்சப்படுகிறார்கள். இட்லி உதிர்ந்து மூச்சுக்குழாய்க்குள் போனால் நிமோனியா வரும். இந்த விதியை மீறியதால் பயிற்சியில் தேறாமல் போன மாணவர்கள் உண்டு, அதில் எனக்கு மாற்றுக் கருத்து இல்லை.

தமிழ் தெரிந்தது உங்கள் மகளுக்குப் பெரிய பலம் என்பதையும் இதோடு சேர்த்துச் சொல்ல வேண்டும். இங்குள்ள இனங்களில் இந்தியர்களிடையே நீரிழிவு விகிதம் அதிகம். வார்டில் தமிழில் மட்டும் மனம்விட்டுப் பேசும் முதியவர்கள் இன்னும் இருக்கிறார்கள். 'சாதம் எவ்வளவு?' என்று கேட்டால் 'கொஞ்சம்தான்' என்பார்கள். 'எத்தனை கரண்டி, எந்தக் கரண்டி, குழம்பு ஊற்றி இரண்டாம் முறை மோர் சாதமும் உண்டா?' என்று கேட்க நம் வீட்டுப் பிள்ளைக்குத்தான் தெரியும்.

அந்தக் கேள்விகளுக்கு வரும் பதில்களை வைத்தே கல்வி நேர்மை பற்றிய விதிக்கும் வந்துவிடலாம். மற்றத் துறைகளில் திருட்டு என்றால் கட்டுரையை நகலெடுப்பதை நினைப்பார்கள். இந்தத் துறையில் அடிக்கடி வரும் குற்றம் தரவைக் கற்பனையாக எழுதுவது. ஒருவர் முந்தைய 24 மணி நேரத்தில் சாப்பிட்டதைக் கேட்டு எழுதி வரச் சொல்வோம். நேரமில்லை என்று சிலர் உட்கார்ந்து தாங்களே எழுதிவிடுகிறார்கள். எளிதில் தெரிந்துவிடும்: நிஜமாகக் கேட்டு எழுதியதில் பாதி சாப்பிட்டுவிட்டு வைத்த ரொட்டி இருக்கும், நடுவே குடித்த தே தாரிக் இருக்கும், கற்பனைப் பட்டியல் மூன்று வேளை, வட்டமான எண்கள் என்று சுத்தமாக இருக்கும். இதைப் பொய்த் தரவு என்றே நடத்துகிறார்கள். தண்டனையும் கட்டுரை நகலுக்குக் குறைந்ததல்ல. இன்று வீட்டுப்பாடத்தில் உணவைக் கற்பனை செய்கிறவர், நாளைக்கு நோயாளி சாப்பிட்ட அளவைக் கற்பனை செய்து குறிப்பேட்டில் எழுதினால், இன்சுலின் அளவே தவறிப்போகும்.

ரகசியக் காப்பு விதியில் இப்போது யாருக்கும் தளர்வு கிடையாது. தனிநபர் தகவல் பாதுகாப்புச் சட்டம் 2012இல் வந்தது. 2018இல் சிங்ஹெல்த் என்ற அரசாங்கச் சுகாதாரக் குழுமத்தின் தரவுத்தளம் ஊடுருவப்பட்டு 15 லட்சம் நோயாளிகளின் விவரங்கள் திருடப்பட்டன. அதன் பிறகு அரசாங்க மருத்துவமனைக் கணினிகளில் இணைய வசதியையே பிரித்து வைத்தார்கள். அந்த அனுபவம் எங்கள் எல்லாருக்கும் இருக்கிறது. மாணவர் தனக்கு ஒதுக்காத நோயாளியின் பதிவைத் திறக்கக் கூடாது. சொந்தத் தாத்தா அதே மருத்துவமனையில் இருந்தாலும்கூட. வீட்டில் பெரியவர்கள், 'நீதான் அங்க இருக்கியே, மாமாவோட ரிப்போர்ட் என்னன்னு பாத்துச் சொல்லேன்' என்று கேட்பார்கள். தயவு செய்து கேட்காதீர்கள். யார் எந்தப் பதிவைத் திறந்தார் என்பது பதிவாகிறது, அதற்காகப் படிப்பே போகலாம். உணவுத் தட்டைப் படமெடுத்து இன்ஸ்டாகிராமில் போடுவதும், அதில் படுக்கை எண் தெரிவதும் இதே வகைதான். நோயாளியின் விவரங்களை அப்படியே செயற்கை நுண்ணறிவுச் செயலியில் ஒட்டி 'ஊட்டச்சத்துத் திட்டம் எழுதிக் கொடு' என்று கேட்பது இப்போது புதிதாக வரும் சிக்கல். ஒரே செயலில் இரண்டு விதி மீறப்படுகிறது: ரகசியம் வெளியே போகிறது, வேறொருவர் செய்த வேலை தன் பெயரில் வருகிறது. எந்தப் பாடத்தில் அந்தச் செயலிகளை எந்த அளவுக்குப் பயன்படுத்தலாம் என்பதை ஒவ்வொரு பாட ஆசிரியரும் எழுதிக் கொடுக்கிறார், அதைப் படித்துவிட்டே தொடங்கச் சொல்லுங்கள்.

தொழிலுக்குத் தகுதியான உடல், மனநிலை பற்றி ஒரு விதி எல்லாச் சுகாதாரப் படிப்புகளிலும் உண்டு. இதைப் பெற்றோர்களிடம் யாரும் பேசுவதில்லை, நான் பேசிவிடுகிறேன். சாப்பாட்டோடு தங்களுக்கே உள்ள போராட்டம் காரணமாக இந்தத் துறைக்கு வரும் பிள்ளைகள் உண்டு. நாள் முழுவதும் கலோரி எண்ணுவது பாடமாகவே ஆகும்போது, சாப்பாட்டைக் குறைக்கும் பழக்கம் சிலரிடம் தீவிரமாகிவிடும். அதைச் சொன்னால் படிப்பிலிருந்து எடுத்துவிடுவார்கள் என்று பயந்து மறைக்கிறார்கள். உண்மையில் முன்பே சொன்னவர்களுக்குத்தான் வழிகள் அதிகம்: தற்காலிக விடுப்பு, பயிற்சியைத் தள்ளிப்போடுதல், வளாக ஆலோசகர், சிறப்பு உதவிப் பிரிவு. பயிற்சி நடுவே மயங்கி விழுந்த பிறகு தெரியவந்தால் எல்லாருக்கும் கடினம். மகள் திடீரென்று வீட்டுச் சாப்பாட்டை எடைபோட ஆரம்பித்தால், படிப்புக்காகத்தான் என்று விட்டுவிடாமல் பக்கத்தில் உட்கார்ந்து பேசுங்கள்.

பயிற்சியில் தேறாவிட்டால்? பொதுவாக ஒருமுறை திரும்பச் செய்ய வாய்ப்புத் தருவார்கள். இரண்டாம் முறையும் தேறாவிட்டால் படிப்பைத் தொடர முடியாமல் போகலாம். ஆனால் முடிவு திடீரென்று வராது. நடுவில் ஓர் இடைக்கால மதிப்பீடு நடக்கும். அந்தத் தாளில் மேற்பார்வையாளர் எழுதுவதை மாணவர்கள் மேலோட்டமாகப் பார்த்துவிட்டுக் கையெழுத்துப் போட்டுவிடுகிறார்கள். 'தகவல்களை முன்னுரிமைப்படுத்துவதில் முன்னேற்றம் தேவை' என்று இருந்தால் அது நாசூக்கான எச்சரிக்கை. அன்றைக்கே, 'இந்தப் போக்கில் நான் தேறுவேனா?' என்று நேராகக் கேட்கச் சொல்லுங்கள். நாங்கள் பதில் சொல்வோம். மேல்முறையீடு என்பது வேறு. முடிவு வந்த சில நாள்களுக்குள் போட வேண்டும். மேற்பார்வையாளரின் தொழில்முறைக் கணிப்பு தவறு என்று வாதாடுவதைவிட, நடைமுறை தவறியது என்று காட்டினால்தான் பொதுவாக எடுபடும். இடைக்கால மதிப்பீடே நடக்கவில்லை, சொன்ன நாள்களுக்கு மேற்பார்வையே இல்லை என்பன போன்ற காரணங்கள். அதற்கு ஆதாரம் வேண்டும், ஆகவே மின்னஞ்சல்களை அழிக்காமல் வைத்திருக்க வேண்டும்.

பணம், ஒப்பந்தம் பற்றிச் சுருக்கமாக. கல்வி அமைச்சின் கல்விக் கட்டண மானியத்துக்குக் குடிமக்களுக்கு வேலை ஒப்பந்தம் இல்லை. நிரந்தரவாசிகளும் வெளிநாட்டு மாணவர்களும் மானியம் எடுத்தால் படிப்பு முடித்தபின் மூன்று ஆண்டுகள் சிங்கப்பூர் நிறுவனத்தில் வேலை செய்ய வேண்டும். சுகாதார அமைச்சு சார்ந்த உபகாரச் சம்பளங்கள் நல்லவை, ஆனால் அவற்றுக்குத் தனி ஒப்பந்தக் காலம் உண்டு. படிப்பை நிறுத்தினாலோ தேறாவிட்டாலோ என்ன ஆகும் என்ற பத்தியைக் கையெழுத்துக்கு முன் உட்கார்ந்து படியுங்கள். இதைப் படிக்கும் பையன்களுக்கு ஒன்று: தேசிய சேவை முடித்து வந்தவர்களுக்கு ரிசர்விஸ்ட் எனும் தொடர் சேவைக்கான அழைப்பு மருத்துவமனைப் பயிற்சிக் காலத்தில் வந்தால், தள்ளிவைக்கும் விண்ணப்பத்தைப் பயிற்சி அட்டவணையோடு சேர்த்து உடனே போட வேண்டும்.

வெளிநாட்டில் வேலை செய்யும் எண்ணம் இருந்தால், இங்கு வாங்கும் பட்டம் எல்லா இடத்திலும் தானாகச் செல்லாது என்பதையும் அவள் தெரிந்துகொள்ளட்டும். பிரிட்டனில் டயட்டீஷியன் என்ற பட்டப்பெயரே சட்டப் பாதுகாப்பு உள்ளது, அங்குள்ள சுகாதாரத் தொழில் மன்றத்தில் பதிந்தால்தான் அப்படி அழைத்துக்கொள்ளலாம். அமெரிக்காவில் 2024 ஜனவரி முதல் பதிவுத் தேர்வு எழுதவே முதுகலைப் பட்டம் வேண்டும். பயிற்சி நேரப் பதிவேடு, பாடத்திட்ட விவரம் இரண்டையும் படிக்கும்போதே பத்திரப்படுத்தினால் பிற்காலத்தில் எந்த நாட்டுக்கு விண்ணப்பித்தாலும் உதவும்.

இப்போதைக்கு நீங்கள் வீட்டிலிருந்தே செய்யக்கூடியது தடுப்பூசிப் பதிவு. பயிற்சிக்குப் போகும் முன் ஹெபடைட்டிஸ் பி, தட்டம்மை, சின்னம்மை போன்றவற்றுக்கு எதிர்ப்பாற்றல் இருக்கிறதா என்று காட்ட வேண்டும். ஹெபடைட்டிஸ் பி மூன்று ஊசிகளும் போட்டு முடிக்க ஆறு மாதம் ஆகும். குழந்தைப் பருவத்தில் போட்டிருந்தாலும் இரத்தப் பரிசோதனையில் எதிர்ப்பாற்றல் குறைந்திருந்தால் மறுபடி போடச் சொல்வார்கள். பயிற்சிக்கு ஒரு மாதம் இருக்கும்போது இதைக் கண்டுபிடித்தால் ஒன்றும் செய்ய முடியாது, அந்த இடம் போய்விடும். ஹெல்த்ஹப் செயலியில் மகளின் சிறுவயதுத் தடுப்பூசிப் பதிவு இருக்கும், சிங்பாஸ் என்ற அரசாங்க மின்னிலக்க அடையாளத்தை வைத்து அவளே திறந்து பார்க்கலாம். அதில் இல்லாதது ஏதாவது உங்கள் பழைய சுகாதாரப் புத்தகத்தில் இருந்தால், அந்தப் பக்கங்களைப் படமெடுத்து வைத்துக்கொள்ளுங்கள். இடைவெளி தெரிந்தால் பட்டயப் படிப்பின் கடைசிப் பருவம் முடிவதற்குள் பலதுறை மருந்தகத்தில் முதல் ஊசியைப் போட்டுவிடலாம்.